நிலம் தாங்கும் தளம்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில், சுன்னாகத்துக்கு அடுத்த ஊரிலிருந்த பிரசவ விடுதிக்குச் சீமெந்துத் தளம் போடுவதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. தளம் போடுவது சின்ன வேலை. போரினால் சீமெந்துக்குத் தடை இருந்த காலத்தில் அதற்கு அனுமதி எடுப்பதுதான் பெரிய வேலை. மருத்துவமாது மீனாம்பிகை அலைந்து திரிந்து அதை எடுத்துவிட்டாள். புழுதித் தரையில் பிள்ளைப்பேறு பார்த்துப் பார்த்து அவளுக்கு நெஞ்சே வெறுத்துப் போயிருந்தது.

கட்டடப் பகுதி உத்தியோகத்தர் சோமசேகரம் வரைபடத்தில் 'நிலம் தாங்கும் தளம்' என்று எழுதியிருந்தார். நிலத்தின் மேல் பேசாமல் படுத்துக் கிடக்கும் தளம். அதற்குக் கம்பி தேவையில்லை. அந்தரத்தில் நிற்கும் தளத்துக்குத்தான் கம்பி வேண்டும். கம்பிக்கும் தடை. ஆகவே, நிலத்தைத் தவிர வேறு எதையும் நம்பக்கூடாது என்பது அலுவலகத்தின் உறுதியான கொள்கை.

இந்த வேளையில் அதே அலுவலகத்தின் பாதுகாப்புப் பகுதியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பொதுக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் பங்கர், அதாவது பதுங்கு குழி, வெட்டவேண்டும். வலி கண்டவள் குண்டு போடப் பொம்மர் விமானம் வருகுதென்று வளவு தாண்டி ஓடுவாளா? மீனாம்பிகை பிரசவ அறைக்குக் கீழேயே வெட்டுவித்தாள்.

சோமசேகரம் சைக்கிளில் வந்து இறங்கிக் குழியை எட்டிப் பார்த்தார்.

"இஞ்சை இருந்த நிலம் எங்கை, மிஸி?"

"வெளியிலை கொட்டிக் கிடக்குது, ஐயா. பங்கர் வெட்டச் சொல்லி நீங்கள்தானே எழுதினியள்."

"அது பாதுகாப்புப் பகுதி. நான் தளம். எனக்கு நிலம் வேணும்."

"மேலை பனங்குற்றி அடுக்கிப்போட்டுத் தளத்தைப் போடுவம். ஊர் முழுக்க பங்கருக்கு அதுதானே."

"அப்ப தளத்தை ஆர் தாங்கிறது?"

"பனை."

"பனை தாங்கும் தளமெண்டு எங்கடை புத்தகத்திலை ஒண்டும் இல்லை. நிலம் இல்லாட்டில் அது அந்தரத்துத் தளம். கம்பி வேணும். கம்பி கேட்டால் வரைபடம் மாறும். வரைபடம் மாறினால் சீமெந்து ரத்து."

"அப்ப பங்கரை மூடட்டோ?"

"ஐயையோ! சுற்றறிக்கையை மீறலாமே?"

சோமசேகரம் மாமர நிழலில் குந்தியிருந்து யோசித்தார். நல்ல மனிதர், ஒருவருக்கும் கெடுதல் நினையாதவர். அதுதான் ஆபத்தாகப் போயிற்று. எழும்பி வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பங்கர் அப்பிடியே கிடக்கட்டும், மிஸி. அதுக்குள்ளை நிலத்தைப் போடுங்கோ."

"அப்ப ஆக்கள் எங்கை போறது?"

"சுற்றறிக்கை பங்கர் வெட்டத்தான் சொல்லுது. ஆக்களை உள்ளுக்கு விடச் சொல்லேல்லை."

மீனாம்பிகைக்கு அழுகை வந்தது. ஆனால் மழை வந்தால் இறக்கி வைத்த சீமெந்து கல்லாகிவிடும், தளமும் போய்விடும். "ஓம்" என்றாள். ஊர்ச்சனம் திரண்டு வந்து, தாங்கள் வெட்டிய குழியைத் தாங்களே நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து இறுக்கி, மேலே தளத்தையும் போட்டது. வெளியே பங்கரின் வாசலும் நாலு படியும் மிஞ்சின. 'பங்கர்' என்று எழுதி அம்புக்குறியும் போட்டார்கள்.

திறப்புவிழாவில் நிறைகுடம் வைத்து, பிரமுகர்களுக்கு மாலை போட்டு, சோமசேகரம் பேசத் தொடங்க, பொம்மர் இரைந்தது. சபை அம்புக்குறி காட்டிய பக்கம் பாய்ந்தது. சோமசேகரம் முன்னுக்கு.

"உள்ளுக்குப் போங்கோ!" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள்.

"உள்ளுக்கு நிலம்!" என்று அவர் அலறினார்.

பொம்மர் இரண்டு தரம் சுற்றிவிட்டு வேறெங்கோ போயிற்று. அறைக்குள் பிரசவத்துக்கு வந்திருந்த குணலட்சுமியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, அவளுக்கு மேல் கவிழ்ந்து கிடந்த மீனாம்பிகை, இரைச்சல் முழுக்க அடங்கும்வரை எழும்பவில்லை.

சோமசேகரம் உண்மையையே அறிக்கையாக எழுதினார்: 'விமானம் வந்த வேளை சகலரும் பங்கரை நாடினர். உயிர்ச்சேதம் இல்லை. தளத்தில் வெடிப்பும் இல்லை.' மேலிடம் மகிழ்ந்து, அந்த அறிக்கையை ஊரெல்லாம் ஒட்டி, முறைப்படி பங்கரை நிரப்பும் வீடுகளுக்கும் தளம் போடச் சீமெந்து தருவதாக அறிவித்தது. அதன்பிறகு மினுங்கும் தளம் இல்லாத வீட்டில் சம்பந்தம் பேசவே ஆட்கள் யோசித்தார்கள்.

மீனாம்பிகை வீடுவீடாகப் போய்க் கத்தினாள். சிவக்கொழுந்தின் வீட்டில், பிள்ளைத்தாய்ச்சி மகள் புதுத் தளத்தில் கால் நீட்டியிருந்தாள்.

"பங்கரையும் நிரப்பிப்போட்டு, பொம்மர் வந்தால் உந்தப் பிள்ளையை எங்கை கொண்டு ஓடப்போறியள்?"

"உங்கடை விடுதிக்குத்தான், மிஸி," என்றாள் சிவக்கொழுந்து.

"அது நிரம்பிக் கிடக்கிறது உங்களுக்குத் தெரியாதே? நீங்களும்தானே மண் சுமந்தனீங்கள்!"

"ஓம், சுமந்தனான்தான். ஆனால் அது எங்கடை பங்கரைப் போலையே? ஒருத்தரும் சாகேல்லையெண்டு அரசாங்கமே எழுதிக் குடுத்த பங்கரெல்லோ அது."