ஓரம் வரை உருக வேண்டும்

கடைக்குப் போனால் பொருளின் முகத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒரு ரகம். விலையைப் பார்த்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டிலும் சேராத அபூர்வப் பிறவி ஒன்று உண்டு. அது எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தலைகீழாகப் புரட்டும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கும். படித்ததோடு நிற்குமா? படித்தபடி நடக்கும். அங்கேதான் வம்பு.

அவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து, இதை மைக்ரோவேவில் வைக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொண்டு, கூடாது என்றதும் ஏதோ குடும்பத்துக்கே ஆகாத சேதி வந்ததுபோல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இது தெரியாமலே இத்தனை நாளா வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாரே, அவரேதான். நீங்கள் புதுத் தலையணை வாங்கினால் கையேடு எங்கே என்று கேட்பார்.

"தலையணைக்கு ஏதுங்க கையேடு?"

"இருந்திருக்கும். நீங்க தூக்கிப் போட்டிருப்பீங்க."

நாம் பார்க்கப்போகிறவருக்கு இது தொழிலாகவே அமைந்துவிட்டது. மருந்துப் பெட்டிக்குள் சின்னதாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்கள் அல்லவா, நீங்கள் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடிக்கத் தெரியாமல் கசக்கி எறிவீர்களே, அந்தத் தாளை அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது அவர் வேலை. அதை முழுதாகப் படித்த ஒரே மனிதர் தாம்தான் என்று அவருக்கு ஒரு பெருமை. தும்மலுக்கான மாத்திரையால் தும்மல் வரலாம், தூக்க மாத்திரையால் தூக்கம் கெடலாம் என்று வருஷக்கணக்காகப் படித்துப் படித்து, எந்தச் சுகத்துக்கும் கீழே பொடி எழுத்தில் ஓர் ஆபத்து இருக்கும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அலுவலகத்தில் அவருக்கு அடிக்குறிப்பு என்று பெயர். கோபம் வந்தால் வீட்டிலும் அதுதான்.

வீட்டில் கோபப்படுகிறவர் அவர் மனைவி. ஒரு பெரிய துணிக்கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, ஊரார் கால்சட்டைகளை நீளம் குறைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். இப்போது சொந்தமாக ஓர் ஆல்டரேஷன் கடை பிடித்திருந்தார். இரண்டு பேர் கையை விரித்து நின்றால் சுவர் தட்டும். ஆனாலும் சொந்தக் கடை. தெருவைப் பார்த்துக் கண்ணாடிக் கதவு, மேலே பெயர்ப் பலகை. அன்று சாயங்காலம் திறப்பு. அம்மாளுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய தம்பி, டயர் கடை வைத்திருப்பவர், ஒரு பரிசோடு வந்து சேர்ந்தார். வாசனை மெழுகுவர்த்தி. சின்ன வாளி அகலத்துக்குக் கண்ணாடிக் குடுவை, நடுவில் ஒற்றைத் திரி. எலுமிச்சைப் புல்லும் கடல் காற்றும் கலந்த மணம் என்று மூடி சொன்னது.

"கடையில இன்னும் பெயின்ட் நாத்தம் போகலைக்கா. இதைக் கல்லாப்பெட்டி பக்கத்துல ஏத்தி வை" என்றார் தம்பி.

அடிக்குறிப்பு கையை நீட்டி அதை வாங்கினார். புரட்டினார். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சீட்டைப் படித்து முடித்ததும் திரியின் நுனியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தார். சாம்பல் நிறக் கோடு விழுந்தால் உள்ளே உலோகக் கம்பி இருக்கிறது என்று அர்த்தமாம். விழவில்லை. ஸ்கேலை எடுத்துத் திரி நட்டநடுவில் இருக்கிறதா என்று அளந்தார். இருந்தது. மெழுகின் மேல் மூக்கை வைத்து, கண்ணை மூடி, நாடி பார்க்கும் மருத்துவர் போலக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"தரமான சரக்குதான்."

தம்பிக்கு நிம்மதி வந்தது. அவசரப்பட்டுவிட்டார், பாவம்.

"ஆனா கடையில ஏத்த முடியாது. துணிமணி பக்கத்துல கூடாதுன்னு போட்டிருக்கு. அதுவோ துணிக்கடை."

"துணி தைக்கிற கடைங்க" என்றார் மனைவி.

"அது இன்னும் மோசம். நூல் வேற இருக்கும்."

"அப்போ எங்கதான் ஏத்தறது?"

"வீட்டுலதான். இப்பவே. முதல் தடவை ஏத்தும்போது மேல இருக்கிற மெழுகு ஓரம் வரைக்கும் உருகணும். பாதியில அணைச்சா நடுவுல மட்டும் குழி விழுந்துடும். அப்புறம் எத்தனை தடவை ஏத்தினாலும் அந்தக் குழிக்குள்ளேயே எரியும். மெழுகு மறக்காது. ஒரு தடவை முறையாப் பழக்கிட்டோம்னா, கடையில மூடியைத் திறந்து வச்சாலே மணக்கும்."

மத்தியானம் சாப்பிட்ட கையோடு சடங்கு ஆரம்பமாயிற்று. நகவெட்டியால் திரியைக் கால் அங்குலத்துக்கு நறுக்கினார். மேசை மேல் ஓர் ஓடு, ஓட்டின் மேல் குடுவை. காற்று படக்கூடாது என்பதால் மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னல்களை மூடினார். திரைச்சீலைகளை முதலில் தூக்கிக் கட்டினார், பிறகு அதுவும் போதாது என்று கழற்றியே விட்டார். மூன்று பேரும் வியர்த்து வழிந்துகொண்டு சுடரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனர் டயர் விலை பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"மெதுவாப் பேசுப்பா. சுடர் ஆடுது."

சுடர் ஆடாமல் எரிந்தது. எரிந்ததே தவிர, உருகவில்லை. கிளம்பவேண்டிய வேளை வந்தபோது நடுவில் ஒரு சின்னக் குளம்தான் தேறியிருந்தது. சுற்றிலும் கெட்டியான வெள்ளைக் கரை. மனைவி புதுத்துணி உடுத்தி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கிளம்பலாமா?"

அடிக்குறிப்பு குடுவையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி குடுவையைப் பார்த்தார்.

"அணைச்சிட்டு வாங்களேன்."

"அணைச்சா குழி."

"அப்படியே விட்டுட்டு வாங்க."

"எரியும்போது ஆள் இல்லாம விடக்கூடாது. அதையும் போட்டிருக்கு."

விடவும் முடியாது, அணைக்கவும் முடியாது. இப்படி ஒரு நிலைமை வரும் என்று சீட்டு எழுதினவருக்குத் தோன்றவில்லையா? தோன்றியிருக்காது. அவர் மனைவி கடை எதுவும் திறந்திருக்கமாட்டார்.

அம்மாள் பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "நான் முன்னாடி போறேன். கதவைத் திறக்கும்போது வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டார்.

"வராம எங்க போவேன்?"

அவர் மனசாரத்தான் சொன்னார். அதனால்தான் கொஞ்ச நேரத்தில் எரியும் மெழுகுவர்த்தியை மடியில் வைத்துக்கொண்டு மைத்துனரின் காரில் ஏறினார்.

"எரியும்போது நகர்த்தக்கூடாதுன்னு நீங்கதானே படிச்சீங்க, அத்தான்?"

"நான் எங்க நகர்த்தறேன்? மடியில அசையாம வச்சிருக்கேன். வண்டிதான் நகருது."

கண்ணாடிகள் மூடியிருந்தன. ஏசி போடவில்லை. காற்றடிக்கும் அல்லவா? சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போய், உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, மரியாதையாக விலகினார்கள். அடைத்த வண்டிக்குள் மணம் ஏற ஏற, கடல் காற்று என்று ஒன்று இருப்பதே மைத்துனருக்கு வெறுத்துப்போயிற்று.

கடைக்கு வந்துவிட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் துணிச் சுருள்கள், நூல்கண்டுகள், மாட்டித் தொங்கவிட்ட சட்டைகள். அடிக்குறிப்புக்குக் கால் எழவில்லை.

"நீ உள்ள போப்பா. ஓரம் தொட்டதும் வந்துடறேன்."

கடைக்குப் பக்கத்தில் மூடிய ஷட்டர் ஒன்று இருந்தது. அதன் படியில் குடுவையை வைத்து, அது வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து அதையே பார்த்தபடி நின்றார். புகை பட்டுக் கண்ணில் நீர் கோத்திருந்தது. நல்ல உடுப்பில் ஒரு மனிதர், தெருவோரம், மெழுகுவர்த்தி முன்னால், கண்ணீரோடு. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

காய்கறிப் பையோடு போன ஓர் அம்மாளும் அதையேதான் நினைத்தார். நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்போங்க?"

"மத்தியானம். சாப்பிட்ட கையோட."

"அடடா. திடீர்னா?"

"திடீர்னு என்னங்க. எல்லாம் முன்னாடியே எழுதியிருக்கு. நாமதான் படிக்கிறதில்லை."

தலையில் எழுதினதை யாரால் படிக்க முடியும்? அம்மாளும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றார். அடிக்குறிப்புக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. முதல் எரிப்பில் இத்தனை அக்கறையுள்ள ஒருவரை அவர் வாழ்நாளில் சந்தித்ததில்லை.

இரண்டு பேர் தலைகுனிந்து நின்றால் மூன்றாவது ஆள் வராமல் இருப்பாரா? பார்சல் கொண்டுபோகிறவர் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். வேலை முடிந்து வந்தவர்கள் சேர்ந்தார்கள். எதிர்க்கடைக்காரர் சாதா மெழுகுவர்த்திகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்தார். ஆளாளுக்கு ஏற்றினார்கள். அப்போதுதான் அடிக்குறிப்புக்குப் பதறியது.

"ஒன்னுக்கொன்னு ஒரு சாண் தள்ளிப் பிடிங்க. திரி இவ்வளவு நீளமா இருந்தா கரி கக்கும். கொஞ்சம் அணைச்சுக் காட்டுங்க."

நகவெட்டியோடு வரிசையில் ஒவ்வொருவராக நறுக்கிக்கொண்டே போனார். யாரும் சிரிக்கவில்லை. பயபக்தியோடு நீட்டினார்கள். ஒருவர், நறுக்கி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் என்றால் போலீஸ்காரர் வரத்தானே வேண்டும்? வந்தார்.

"இங்க யாரு தலைமை? எதுவரைக்கும் நிக்கறதா உத்தேசம்?"

எல்லோரும் அடிக்குறிப்பைப் பார்த்தார்கள்.

"ஓரம் வரைக்கும் போகணும் சார். நடுவுல இருக்கிறது மட்டும் உருகினா போதாது. ஓரத்துல இருக்கிறதை இப்போ விட்டுட்டோம்னா, அது எப்பவுமே அப்படியேதான் நின்னுடும்."

கூட்டத்தில் இருந்த ஒரு கல்லூரி ஆசிரியை மெல்லக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரும் ஊரின் ஓரத்திலிருந்து வந்தவராக இருக்கவேண்டும்.

இந்தச் சந்தடியில் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு திறந்ததை அடிக்குறிப்பு கவனிக்கவில்லை. திறப்புக்கு என்று வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்து, யாருக்கு என்னவோ என்று பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனதையும் கவனிக்கவில்லை. யாரோ ஒருவர் கடைப் படியில் பூ வைத்துவிட்டுப் போனார்.

மனைவி வெளியே வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"யாருங்க செத்துட்டாங்க?"

காய்கறி அம்மாள் திரும்பினார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"இவர் பொண்டாட்டி."

காய்கறி அம்மாள் அவரைக் கட்டிக்கொண்டார். "அழுதுடுங்கம்மா. அடக்கி வைக்காதீங்க."

அவர் அழவில்லை. அந்தத் தோளுக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"கதவைத் திறந்துட்டுத் திரும்பிப் பார்த்தேன். நீங்க நிப்பீங்கன்னு பார்த்தேன். டயர்க்காரன்தான் நின்னான்."

"இன்னும் ஒரு விரல் அகலம்தான் பாக்கி" என்றார் அடிக்குறிப்பு. குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. "இப்போ அணைச்சா... மெழுகு மறக்காது."

"மறக்காதா? நல்லது. நானும் மறக்கமாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். இந்த வாக்கியத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அடிக்குறிப்புக்கு உடனே விளங்கியது. அவர் படித்த எந்தத் தாளிலும் இவ்வளவு தெளிவாக ஓர் எச்சரிக்கை இருந்ததில்லை. வாயால் ஊதக்கூடாது, மெழுகு தெறிக்கும், கம்பியால் திரியை மெழுகுக்குள் சாய்த்துத்தான் அணைக்கவேண்டும் என்று சீட்டில் இருந்தது. அது அவருக்கு மனப்பாடம். குனிந்தார். கன்னம் இரண்டையும் உப்பவைத்து, பிறந்தநாள் குழந்தை மாதிரி ஊதினார். மெழுகு தெறித்துச் சட்டையெல்லாம் கொட்டியது.

தலைவரே ஊதிவிட்டார். கூட்டமும் ஊதியது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள்.

அம்மாள் முதலில் புருஷன் சட்டையைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்தார். பாதி ஆயுள் பழகின கண், சும்மா இருக்குமா?

"சார், உங்க பேன்ட் இடுப்புல நிக்கலை, பெல்ட்டுதான் பிடிச்சிட்டிருக்கு. உள்ள வாங்க" என்றார் போலீஸ்காரரிடம். பார்சல்காரருக்குக் கால்மடிப்பு பிரிந்திருந்தது. ஆசிரியைக்குக் கை நீளம். துக்கத்துக்கு வந்த ஜனம் துணியோடு உள்ளே போயிற்று. காய்கறி அம்மாள் மட்டும் கடைசிவரை யார் இறந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார், யாரும் சொல்லவில்லை.

அடிக்குறிப்பு பனியனோடு ஒரு முக்காலியில் உட்காரவைக்கப்பட்டார். மனைவி அவர் சட்டை மேல் காகிதத்தை விரித்து, அதன் மேல் இஸ்திரிப்பெட்டியை ஓட்டி, மெழுகை எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர், அம்மாள் கேட்காமலே, "கடை நல்லா இருக்கு" என்றார். "பெயின்ட் நாத்தம் ஒன்னும் தெரியலை."

"உங்க மேல இருந்து வர்ற எலுமிச்சை நாத்தத்துல எப்படித் தெரியும்?" என்றார் அம்மாள். ஆனால் இஸ்திரிப்பெட்டி கொஞ்சம் மெதுவாகத்தான் போயிற்று.

மெழுகுவர்த்தி என்ன ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. இப்போது உண்மையைச் சொல்லுங்கள். மனைவியின் வருத்தம் தீர்ந்ததா, கடைக்கு ஆள் வந்தார்களா என்பதெல்லாம் இருக்கட்டும். ஒரு விரல் அகலம்தானே, இன்னும் சற்றுப் பொறுத்திருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றவில்லையா? குழி விழுந்தால் என்ன, குடுவை வாயைச் சுற்றி அலுமினியத் தாளை மடித்துவைத்தால் ஓரம் தானாக உருகிச் சமமாகிவிடுமே, இதுகூடத் தெரியாத மனிதரா என்று நாக்கு துறுதுறுக்கவில்லையா?

இல்லையென்றால் சந்தோஷம். ஆமாம் என்றால், எழுந்துபோய் வீட்டில் யாரிடமும் சொல்லவேண்டாம். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.