லாச்சி அண்ணையின் மூக்குக் குறடு

கோப்பாயில் லாச்சி அண்ணையைப்போல் ஒழுங்கான மனிதர் இன்னும் பிறக்கவில்லை. அந்த ஒழுங்கு என்னவென்று விளங்கிக்கொண்ட மனிதரும் இன்னும் பிறக்கவில்லை. இத்தனை வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், எனக்கு அதில் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை.

ஆள் பஸ் திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டோடு ஒரு கராச் இருக்கிறது, கார் இல்லை. கார் நிற்கவேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை இழுத்துத் திறக்கும் லாச்சிகள் வைத்த சிவப்பு இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. கனடா மருமகன் வாங்கிக் கொடுத்தது; பட்டப்பெயரும் அதோடுதான் வந்தது. நீங்களும் நானும் என்றால் சுத்தியலுக்கு ஒரு லாச்சி, குறட்டுக்கு ஒரு லாச்சி, அரத்துக்கு ஒரு லாச்சி என்று அடுக்குவோம். அவர் வீட்டுக்கணக்கில் அடுக்குவார். ஒரு சாமான் கடைசியாக எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், எந்த வீட்டு வேலைக்குப் போனதோ, அந்த வீட்டுக்குரிய லாச்சிக்குள் போய்விடும். அடுத்த வேலை வேறு வீட்டில் என்றால் லாச்சியும் மாறிவிடும்.

குடிவந்த புதிதில் இது தெரியாமல் போய் நின்றேன்.

“அண்ணை, சின்ன ஸ்பனரை ஒருக்கால் தாங்கோ.”

“ரீச்சர் வீட்டுத் தண்ணி மோட்டர் பழுதாப் போனது எப்ப?”

“எனக்கு என்னண்டு தெரியும்?”

“பூசகர் வீட்டுக் கேற் கழண்டது அதுக்கு முன்னமோ, பிறகோ?”

“அண்ணை, நான் கேட்டது ஸ்பனர்.”

“நானும் அதைத்தானே தம்பி தேடுறன்!”

வீடுகள் கூட, லாச்சிகள் குறைவு. ஆகவே இரண்டு வீட்டுக்கு ஒரு லாச்சி. அதிலும் ஒரு சட்டம்: கோபமாக இருக்கிற வீடுகளின் சாமான்களை ஒன்றாக வைக்கமாட்டார். ஒருநாள் பார்க்கிறேன், ரீச்சர் வீட்டுச் சாமானோடு கிடந்த, எங்கள் வீட்டு வேலைக்கு வந்துபோன சுத்தியல் அடி லாச்சிக்கு இறங்கியிருக்கிறது.

“உங்கடை வீடும் ரீச்சர் வீடும் இப்ப கதைக்கிறேல்லை எல்லே” என்றார்.

ஓடிப்போய் மனைவியிடம் கேட்டேன்.

“ஓம். வேலிக் கதியாலை அவ கேக்காமல் வெட்டிப் போட்டா. உங்களுக்கு ஆர் சொன்னது?”

“சுத்தியல்” என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் என் மகன் கண்ணனின் கலியாணம் போய் மாட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து கூறைச்சேலையும் தாலிக்கொடியும் போகவேண்டும். இரண்டையும் இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தோம். ராகுகாலம் தொடங்குவதற்கு முன் வீட்டைவிட்டு இறங்கவேண்டும். அவசரத்தில் நான் பூட்டுக்குள் திறப்பை விட்டு ஒரு முறுக்கு முறுக்கினேன். பாதித் திறப்பு என் கையோடு வந்தது, மீதி பூட்டுக்குள் தங்கிவிட்டது. மற்றத் திறப்பு மனைவியிடம் இருந்தது. ஆனால் உள்ளே கிடக்கும் துண்டை எடுத்தால்தானே அதைப் போடலாம்!

“அலுமாரியை உடைப்பம்” என்றேன்.

“கலியாண நாளிலை உடைக்கிறதோ! வாயைக் கழுவுங்கோ!” என்று மனைவி அழத் தொடங்கினாள்.

பட்டுவேட்டியோடு லாச்சி அண்ணை வீட்டுக்கு ஓடினேன். கராச்சில் அவர் பெட்டிக்கு முன்னால், சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவர்போல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய மனைவி பூமணி அக்கா, கலியாணத்துக்கு வரும் சனம் எட்டிப் பார்த்தாலும் என்று, முதல்நாள் பெட்டி முழுவதையும் துடைத்து அடுக்கியிருந்தார். சுத்தியல் சுத்தியலோடு, குறடு குறட்டோடு. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

“எல்லாத்தையும் குழப்பிப்போட்டாள் தம்பி. ஒண்டும் பிடிபடேல்லை.”

“மூக்குக் குறடு உதிலைதானே அண்ணை கிடக்கு! கண்ணுக்கு முன்னாலை!”

“கிடக்குத்தான். எந்த வீட்டுக் குறடு?”

குறட்டை ஒரு கையிலும் அவரை மறுகையிலும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அலுமாரிக்கு முன் இருத்தினேன். அவர் குறட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலில் வான்காரன் ஹோர்ன் அடித்தான்.

“கடைசியா எங்கை வேலை செய்தது எண்டு தெரியாமல் எனக்குக் கை ஓடுதில்லை” என்றார். குறட்டைப் பூட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனார், திரும்ப எடுத்துவிட்டார். பகிடியில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

தலைப்பாவோடு நின்ற கண்ணன் அவருக்குப் பக்கத்தில் குந்தினான். “மாமா, போன மாரியிலை என்ரை மோட்டச்சைக்கிள் கிளச் வயர் அறுந்ததெல்லே? உந்தக் குறட்டாலைதான் இழுத்தனீங்கள்.”

“ஓமெல்லே! இது கண்ணன்ரை குறடு!” முகம் மலர்ந்தது. பூட்டுக்குள் விட்டார், ஒரு இழுப்பு. துண்டு வெளியே வந்து விழுந்தது. ராகுகாலத்துக்கு முன் இறங்கிவிட்டோம்.

வானில் கண்ணன் என் காதுக்குள் சொன்னான்: “அப்பா, என்ரை கிளச் வயர் ஒருநாளும் அறுந்ததில்லை.”

கண்ணன் இப்போது தொண்டைமானாற்றில், மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில் இருக்கிறான். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம், மாப்பிள்ளைதான் பெட்டி தூக்கவேண்டும். வழக்கம் என்று தெரிந்திருந்தும் மனம் ஆறவில்லை. போன கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்காமல் லாச்சி அண்ணையிடம் போனேன். பெட்டியில் பழையபடி ஒழுங்கை முழுவதும் குடியேறியிருந்தது. நிலத்தில் ஒரு வாளி நிறையச் சாமான்கள் கிடந்தன.

“உது என்ன அண்ணை?”

“எங்கடை வீட்டுச் சாமான். லாச்சியிலை இடமில்லை.”

ஒரு லாச்சியை இழுத்துக் காட்டினார். உள்ளே மூக்குக் குறடு மட்டும் தனியே கிடந்தது.

“இது கண்ணன்ரை” என்றார்.

“அண்ணை, அந்தக் கிளச் வயர் கதை…”

“பொய் எண்டு தெரியும். ஆனால் இது கடைசியாச் செய்தது அவன்ரை கலியாண வேலைதானே. ரீச்சரும் காலமை வந்து குறடு கேட்டவ. இல்லையெண்டிட்டன்.”

“ஏன், குடுத்தால் என்ன?”

“குடுத்தால் அவ வீட்டு லாச்சிக்கெல்லே போயிடும். பிறகு பெடியனுக்கு இஞ்சை என்ன இருக்கு?”

அவருக்குப் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. இருந்திருந்தாலும் இவரளவுக்குப் பிடித்திருக்குமோ தெரியாது.