பெல்ட் போட்ட பொங்கல் பானை

பங்குனி உத்திரத்துக்கு எனக்குக் குடுத்தது ஒரே வேலைதான். சாஸ்தா கோயில்ல பொங்கல் வச்சு இறக்கினதும், என் மாமியாரோட வெண்கலப் பானையைத் தூக்கிட்டுப் போய் என் கார்ல வைக்கணும்.

என் கார் பழைய ஸ்விஃப்ட். அந்த முதல் உருண்டை மாடல், வெள்ளைக் கலர். இந்த மாதிரி வண்டி நம்ம பக்கத்துல ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் என்கிட்டதான்னு போன வாரம்கூட இங்கன ஃபேஸ்புக்ல போட்டோ போட்டு அளந்துவிட்டேன். சகலை புது வண்டி எடுத்த வயித்தெரிச்சல்லதான் போட்டேன், ஒத்துக்கிடுதேன். அவர் வண்டி பரோட்டா சால்னா கலர்ல இருக்கும். அதையும் அந்தப் பதிவுல கேலி பண்ணியிருந்தேன்.

பானை அத்தைக்கு அவங்க அப்பா சீராக் குடுத்தது. கழுத்துல அவங்க பேரு வெட்டியிருக்கும். "பத்திரம் மாப்ள, பைய கொண்டு போங்க"ன்னாங்க.

நான் தூக்கட்டுமான்னு சகலை வந்தார். விடுவேனா?

வண்டியெல்லாம் அறுப்பு முடிஞ்ச வயக்காட்டுல நின்னுது. வெள்ளை ஸ்விஃப்டைப் பார்த்தேன், கதவை இழுத்தேன், திறந்துட்டு. என் வண்டிதான் பூட்டாதுல்லா. பின்சீட்ல பானையை வச்சு, சாயக்கூடாதுன்னு பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

டக்குனு மாட்டுச்சு!

என் மக சின்னப் பிள்ளையில எட்டணாவைத் திணிச்சதுல இருந்து மாட்டாத பெல்ட் அது. சாஸ்தாவே இறங்கி வந்து சரி பண்ணிட்டார்னு கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனா, பின்சீட்ல பானை இல்ல.

அத்தை குனிஞ்சு சீட்டுக்கு அடியில தேடினாங்க. என் வீட்டுக்காரிதான் விசாரிச்சா.

"எங்கன வச்சிய?"

"இங்கனதான். பெல்ட்டெல்லாம் போட்டு வச்சேன்."

"மாட்டுச்சா?"

"மாட்டுச்சே."

"நம்ம வண்டியில அது மாட்டாதுல்லா."

அப்பதான் பார்த்தேன். நாலு வண்டி தள்ளி ஒரு இடம் காலியாக் கிடந்துது.

மைக்செட் அண்ணாச்சிகிட்ட ஓடினேன். பழைய மாடல் வெள்ளை ஸ்விஃப்ட் வச்சிருக்கவங்க உடனே வாங்கன்னு அவர் சொன்னதுதான் தாமதம், வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு கூட்டமே வந்துட்டு. ஆழ்வார்குறிச்சிக்காரர் ஒருத்தர், சேரன்மகாதேவிக்காரர் ஒருத்தர், இன்னும் யார் யாரோ. எல்லாம் அதே உருண்டை, அதே வெள்ளை. பானையை யாரும் பார்க்கல. ஆனா ஒவ்வொருத்தரும் இப்படி ஒரு வண்டி தன்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு சொல்லுதாங்க. எனக்குப் பொறுக்குமா? பானையை விட்டுட்டு மைலேஜ் பத்தி நானும் சண்டைக்கு நின்னேன். அத்தை பின்னாலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

ஒருவழியா இன்னொரு வெள்ளை ஸ்விஃப்ட் வந்து நின்னுது. இறங்கினவர் கையில பானை. ஆத்துல கழுவி பளபளன்னு இருந்துது.

"தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. பெல்ட்டெல்லாம் போட்டு இருந்துச்சா, எங்க வீட்டாளுக வச்சதுன்னு ஆத்தங்கரையில உக்காந்து சாப்பிட்டுட்டோம். கழுவும்போதுதான் பேரைப் பார்த்தோம். இனிப்புதான் கொஞ்சம் கம்மி."

பொங்கல் வச்சது அத்தை. அவங்க முகத்தை நான் பார்க்கல, பார்க்கத் தைரியம் இல்ல.

பானையை வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, அத்தை நேரா சகலை வண்டியில போய் உக்காந்தாங்க. நம்ம வண்டியில வாங்க அத்தை, ஏசி நல்லா இருக்கும்னு பைய சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கட்டும் மாப்ள. இந்த மாதிரி வண்டி இந்த வயக்காட்டுலயே ஒண்ணே ஒண்ணுதான் நிக்கு."