குட்டியானைக்காரர் வைத்த குடித்தனம்

அரியலூரில் வாடகைக்குக் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் அக்கம்பக்கத்தோடு அடிதடி இல்லாமல் வாழ்கிறார்கள் என்றால், அந்தப் புண்ணியம் முழுவதும் ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். அவர் பெயர் குட்டியானை.

யானை என்றதும் கோயில் வாசலைத் திரும்பிப் பார்க்காதீர்கள். வீட்டுச் சாமான் ஏற்றுகிற சின்ன சரக்கு வண்டிக்குத்தான் நம் பக்கத்தில் அந்தப் பெயர். வண்டிக்கு வைத்தது ஓட்டுகிறவருக்கும் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். அது தெரிந்த ஒரே ஜீவன் அவர் மனைவி அஞ்சலையக்கா. அந்தம்மாவோ அவரை "இந்தாங்க, இங்க பாருங்க" என்று மட்டும்தான் கூப்பிடும்.

ரெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலைப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்து, திருச்சியில் இருந்து குடும்பத்தோடு கிளம்பியபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். அரியலூரில் வீடு பார்த்துக் கொடுத்தவரே வண்டியையும் அனுப்பிவிட்டார். வந்து இறங்கியவர் ஒல்லியாக இருந்தார். இடுப்பில் கரை இல்லாத வெள்ளை வேட்டி. எந்தக் கலரில் கரை வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய கட்சிக் கலராகிவிடுமாம். வண்டிக்கும் அதே கவலைதான். சாம்பல் நிறத்தில் பூசியிருந்தார்.

"எங்க ஊர்ல எந்த பெயிண்ட் அடிச்சாலும் ஆறே மாசத்துல சிமெண்ட் கலருக்கு வந்துடும் சார். அதான் மொதல்லயே அதையே அடிச்சுட்டேன்" என்றார்.

வந்த ஆள் ஒரு கட்டிலைக்கூடத் தொடவில்லை. வாசலில் நின்றபடி கேட்டார்: "சார், மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க குடையா, கூடையா?"

எனக்குப் புரியவில்லை. "ரெண்டுமே இருக்குங்க. குடை கதவுக்குப் பின்னாடி தொங்குது. கூடை சமையக்கட்டுல இருக்கு" என்றேன்.

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "கட்சியைக் கேட்டேன் சார்."

நான் குடியேற இருந்த தெருவில் தெற்கு வரிசை முழுக்கக் குடைக் கட்சியாம், வடக்கு வரிசை முழுக்கக் கூடைக் கட்சியாம். நாங்கள் பார்த்திருந்த வீடு வடக்கு வரிசை.

"நமக்குக் கட்சியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஐயையோ, அது அதைவிட மோசமாச்சே! குடைக்காரனைக் கூடைக்காரன் மட்டுந்தான் மொறைப்பான். ஒண்ணுமில்லாதவனை ரெண்டு பேரும் சேந்துல்ல மொறைப்பாங்க!"

என் மனைவி சுமதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அடிக்கவெல்லாம் வருவாங்களா?"

"சேச்சே. சிரிச்ச மூஞ்சியாத்தான் இருப்பாங்கம்மா. கொழாயில தண்ணி வந்தா மட்டும் சொல்லமாட்டாங்க."

வீட்டு நிர்வாகம் தெரிந்த யாருக்கும் இதைவிடப் பெரிய மிரட்டல் வேண்டியதில்லை. சுமதி உடனே அவருக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்து உட்கார வைத்தாள். அதன் பிறகு நடந்தது கிட்டத்தட்ட ஒரு நேர்முகத் தேர்வு. என்ன பேப்பர் படிக்கிறீர்கள், டி.வி.யில் எந்த சேனல் நியூஸ், கல்யாணத்துக்கு யார் வந்து வாழ்த்தினார்கள் என்று எல்லாவற்றையும் துருவினார். வீடு கேட்டுப் போகும் இடங்களில் ஒரு கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதற்காக நானும் காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. நானாக அந்தப் பேச்சை எடுத்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அது வேணாம் சார். அதைக் கேட்டா என் வண்டி ஸ்டார்ட் ஆவாது."

சாமான் ஏற்றும்போதுதான் சுவர்க் கடிகாரம் அகப்பட்டது. எங்களோடு இருக்கும் என் மாமனார் ஒருநாள் வெயிலுக்கு ஒதுங்கிய பந்தல் குடைக் கட்சியின் மாநாட்டுப் பந்தலாக இருந்துவிட்டது. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்ததை அவருக்கும் கொடுத்து அனுப்பினார்கள். முள் சுற்றுகிற இடத்துக்குப் பின்னால் பெரிதாக விரித்த குடை. கடிகாரத்தைப் பார்த்த குட்டியானை, பாம்பைப் பார்த்தவர் மாதிரி இரண்டடி பின்னால் போனார். பிறகு ஒரு பழைய போர்வையில் சுற்றித் தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இதை அங்க மாட்டிராதீங்கம்மா" என்று வழி நெடுக நாலு தடவை சொன்னார்.

சுமதி மூன்றாம் நாளே மாட்டிவிட்டாள். மணி தெரியாமல் எத்தனை நாள்தான் சமைப்பது? நாலாம் நாள் அடுத்த வீட்டுத் தனம் அக்கா உறைமோர் கேட்டு வந்தார். அவர் வீட்டுக்காரர் கூடைக் கட்சியின் வட்டச் செயலாளர். ஊர் அவரை 'வட்டம்' என்றுதான் கூப்பிடும். தனம் அக்காவின் பார்வை சுவருக்குப் போனது. "கடியாரம் நல்லாருக்கே" என்றார். உறைமோரை வாங்கிக்கொள்ளாமலே போனார்.

மறுநாள் தெருவே குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து முடித்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அடுத்த தடவையும் அப்படியே. தெற்கு வரிசையிலாவது யாராவது சொல்வார்கள் என்று பார்த்தால், அங்கே எங்கள் கடிகாரம் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை நாங்கள் கூடை வரிசையில் குடியேறிய கூடை.

எட்டாம் நாள் குட்டியானை வந்தார். யாரும் கூப்பிடவில்லை. தான் குடி வைத்த ஒவ்வொரு வீட்டையும் எட்டாம் நாள் வந்து பார்ப்பது அவர் வழக்கம், ஆபரேஷன் செய்த டாக்டர் தையலைப் பார்க்க வருகிற மாதிரி. காலிக் குடங்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சுமதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே வட்டத்தின் வீட்டுக்குள் போனார். எங்கள் சமையல்கட்டு ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

"அண்ணே, அந்த வூட்ல மூணு ஓட்டு. சார், சம்சாரம், மாமனார். மூணு பேரும் இன்னும் முடிவு பண்ணலை. ஒரு கடியாரத்தைப் பாத்துட்டு மூணு ஓட்டை வுட்டுறாதீங்க."

அங்கிருந்து எதிர் வரிசைக்குப் போனார். குடைக் கட்சியின் அவைத்தலைவர் வீடு அங்கே. அவரை ஊர் 'அவை' என்று சொல்லும். அவரிடமும் அதே பாட்டு, அதே ராகம். "வடக்கு வரிசையில கடியாரம் மாட்டுற தைரியம் யாருக்கு வரும்ணே? கொஞ்சம் தாங்கிப் பிடிச்சா மூணும் நமக்குத்தான்."

உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிற நேரம். அன்று சாயங்காலமே வட்டம் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையப் பாயசம் வந்தது. மறுநாள் அவை தன் திருமானூர் வயலிலிருந்து ஒரு கட்டுக் கரும்பு இறக்கினார். பதிலுக்கு வட்டம் ஜெயங்கொண்டத்து முந்திரி கொண்டுவந்தார். குழாயில் காற்று வந்தாலே "தண்ணி வருது சார்!" என்று இரண்டு பக்கமும் குரல் கேட்டது. ஒருநாள் தனம் அக்காவும் எதிர்வீட்டு அம்மாவும் எங்கள் டிரம்மை யார் நிரப்புவது என்று வாசலிலேயே வாதாடினார்கள். மாமனார் இரண்டு கட்சிக் காலண்டர்களையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி, ஒன்றில் ராகு காலமும் இன்னொன்றில் எமகண்டமும் பார்த்தார். இரண்டு மாதத்தில் என் பேண்ட் ஒன்றும் இடுப்பில் ஏறவில்லை.

"எப்ப கேட்டாலும் யோசிச்சுக்கிட்டு இருக்கோம்னே சொல்லுங்க சார். ஓட்டுப் போட்டுட்டு வெளிய வந்தாலும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கணும்" என்பது குட்டியானையின் உபதேசம்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அவர் வண்டி நின்றதைப் பார்த்தேன். சாமான் தலைக்கு மேல் ஏற்றியிருந்தது. கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து அஞ்சலையக்கா மொச்சை உரித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கு வூடு மாத்துறீங்க?" என்று கேட்டேன்.

"எங்களுக்குத்தான் சார். ஏத்தியாச்சு. எங்க எறக்குறதுன்னுதான் தெரியல."

விஷயம் இதுதான். அவர் குடைக் கூட்டத்துக்கு நாற்காலி ஏற்றினார். கூடைக் கூட்டத்துக்கு மைக் செட் ஏற்றினார். கூப்பிட்டவர்களுக்கு ஓட்டுவதுதானே தொழில்? அவர் குடியிருந்த வீட்டுக்காரர் பழுத்த கூடை. "துரோகிக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டார். இதற்கு முந்தின வீட்டுக்காரர் பழுத்த குடை. அவரும் இதையேதான் சொன்னாராம்.

"ஏழாவது வூடும்மா இது" என்று அஞ்சலையக்கா எங்கோ பார்த்துச் சொன்னது. நான் ஆண்பிள்ளை என்பதுகூட அந்த நேரம் அதற்குக் கவனத்தில் இல்லை.

"எங்களுக்கெல்லாம் தெருப் பொருத்தம் பாத்தீங்க. உங்களுக்குப் பாக்கலையா?" என்றேன் தமாஷாக.

அவர் சிரிக்கவில்லை. "பாத்தேன் சார். எனக்குப் பொருந்துற தெரு இந்த ஊர்ல இல்லை."

அப்படி ஒரு முகத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை. சுமதிக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை பூட்டிக் கிடந்தது. சுமதி வரதராஜன்பேட்டையில் இருந்த வீட்டுக்கார அம்மாவைப் பிடித்துப் பேசினாள். "தெருவுல ஆட்சேபணை வராம பாத்துக்கோங்க. எனக்கு ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தது.

வண்டி எங்கள் தெருவில் நுழைந்ததும் ஆட்சேபணை வந்துவிட்டது. வடக்கே இருந்து வட்டம், "குடைக்கு நாற்காலி ஏத்தினவனுக்கு இங்க என்ன வேலை?" என்றார். தெற்கே இருந்து அவை, "கூடைக்கு மைக் செட் ஏத்தினவனை எப்படிய்யா உள்ள வுடுறது?" என்றார். அந்தத் தெருவில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். அந்த ஆச்சரியத்தில் அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குட்டியானை வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தொடங்கினார். நான் பரிசோதனைக்கூடத்து ஆள். சிமெண்ட் மாவைச் சலித்துப் பார்க்கத் தெரியும், மனிதர்களிடம் கத்தத் தெரியாது. சுமதி உள்ளே போனாள். எங்கள் குக்கரை எடுத்து வந்து அவர் வண்டியில் ஏற்றினாள்.

"எங்களையும் கொண்டுபோயி வேற தெருவுல வுட்டுருங்க" என்றாள். "இவரு இருக்கக்கூடாத தெருவுல நாங்க எதுக்கு?"

வட்டத்தின் உதடு லேசாக அசைந்தது. மூன்று ஓட்டு என்று எண்ணினாரோ என்னவோ. அதற்குள் நாலு வீடு தள்ளியிருந்த ரிடையர்டு டீச்சர் தன் தையல் மிஷினின் மேல்பாகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். அவரைக் குடி வைத்ததும் குட்டியானைதான். தெற்கு வரிசையிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஒருவர் மிக்ஸி. இன்னொருவர் சாமி படம். வாழ்நாளில் நான் அப்படி ஒரு ஊர்வலம் பார்த்ததில்லை.

குட்டியானை பதறிப்போய்க் கீழே குதித்தார். "ஓவர்லோடு! ஓவர்லோடும்மா! வண்டி ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிரும்! அந்த மெத்தைய மேல போடாதீங்க, மொச்சை நசுங்குது!"

கடைசியாகத் தனம் அக்கா, வட்டத்தின் சொந்த மனைவி, வீட்டு வெட் கிரைண்டரைத் தரையில் உருட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"அடியே, நீ எங்கடி போற?" என்றார் வட்டம்.

"நம்மளையும் கைக்குழந்தையோட இந்தத் தெருவுக்குக் கொண்டாந்து எறக்கினது இவருதான். அன்னிக்கு நீங்க குடைக் கட்சி. ஞாபகம் இருக்கா?"

முதலில் அவை சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து டீச்சர் சிரித்தார். வட்டமும் எவ்வளவு நேரம்தான் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பார்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எறக்குங்கய்யா" என்று கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். இன்னொரு முனையை அவை பிடித்தார். குட்டியானையை ஒரு சொம்பைக்கூடத் தொடவிடவில்லை. அவர் நடுத்தெருவில் நின்று, "பாத்து, பாத்து, வாசப்படில இடிக்குது" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். சிமெண்ட் ஊரில் அதை மறுக்க முடியாது.

தேர்தலில் எங்கள் வார்டில் குடையும் ஜெயிக்கவில்லை, கூடையும் ஜெயிக்கவில்லை. ஜெயித்தது சீப்புச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சை. ஒரு வாரத்துக்குத் தெருவில் யாரும் தலை வாரவில்லை. ஆனால் வட்டமும் அவையும் சேர்ந்தே துக்கம் அனுபவித்ததால், குழாயில் தண்ணீர் வந்தால் அதன் பிறகு யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் சொன்னார்கள்.

போன வருஷம் சுமதிக்குப் பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. வீடு மாற்ற வேறு யாரைக் கூப்பிடுவோம்? காலையில் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். பெரம்பலூரில் மூன்று வீடு பார்த்து வைத்திருந்தோம். முதல் வீட்டு வாசலில் குட்டியானை இறங்கி, தெருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்தார். "எதிர்வூட்டு நாய் ஒரு மாதிரி பாக்குது சார். வேணாம்." இரண்டாவது வீட்டில், "எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்காங்க. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு." மூன்றாவது தெருவில் எல்லோரும் ஒரே கட்சி. அதுவும் ஆகாதாம். "சண்டையே இல்லாம எப்படி சார் பொழுது போவும் உங்களுக்கு?"

சொல்லிவிட்டு, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னதான் குறை கண்டுபிடிக்கிறாரு இந்த மனுஷன்?" என்றேன்.

சுமதி என் காதோரம் சொன்னாள்: "வூட்டுல ஒரு குறையும் இல்லீங்க. அவருக்கு நம்மள எறக்கிவிட மனசு வரல."

யோசித்துப் பார்த்தால், மூன்று தெருவிலும் அவர் இறங்கிப் போய்ப் பார்த்து வந்தாரே தவிர, முன் சீட்டிலிருந்து நான் ஒரு இடத்திலும் இறங்கவே இல்லை.