ரோமாபுரி விழுந்த ஏழு காரணங்கள்

பழனி மலையில் காட்டுமாடு உண்டு, மலையணில் உண்டு, கேளையாடு உண்டு. அவற்றையெல்லாம் வனத்துறைக்காரர்கள் தேடித் தேடிக் குறித்துக்கொள்கிறார்கள். எவர் குறிப்பிலும் ஏறாமல் பெருகிவரும் இனம் ஒன்றும் உண்டு. அதன் பெயர் வீழ்ச்சி நிபுணர். எங்கேயோ, எப்போதோ, எவனோ விழுந்ததற்கு இவருக்குக் காரணம் தெரியும். தன் வீட்டுத் துணிக்கொடி அறுந்து ஈரத்துணியெல்லாம் சேற்றில் கிடந்தால் மட்டும், "அட, எப்ப விழுந்துச்சு?" என்று கேட்பார்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மூடிய மில் ஏன் மூடியது, தோற்ற கட்சி ஏன் தோற்றது என்று அவர் டீயை ஆறவிட்டுப் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எங்கள் ஆடலூர் சேனாதிபதி அப்படிச் சில்லறை வீழ்ச்சிகளில் கை வைக்கிற ஆளில்லை. எடுத்தால் ரோமாபுரிதான்.

இது எப்படித் தொற்றியது? ஊருக்கு வெளியே கொண்டை ஊசி வளைவில் ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி உட்கார்ந்தால்தான் செல்போனில் படம் ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் மிளகு என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்க ஏறியவர், 'ரோமாபுரி விழுந்த ஏழு காரணங்கள்' என்ற வீடியோவில் விரல் பட்டு, மிளகு விலையை மறந்து, மத்தியானச் சோற்றை மறந்து, இருட்டிய பிறகு வேறு மனுஷனாக இறங்கி வந்தார்.

அன்று முதல் யாருக்கும் நிம்மதியில்லை. தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவரை நிறுத்திவைத்து, ரோமாபுரியில் ஈயக் குழாயில் தண்ணீர் குடித்துத்தான் புத்தி மழுங்கினார்கள், இது முதல் காரணம் என்றார். பாவம், அவர் கொண்டுவந்தது பிளாஸ்டிக் குழாய். வட்டக்கானலில் ஒன்றுக்கு மூன்றாக விடுதி எடுத்து முழி பிதுங்கிக்கொண்டிருந்த மைத்துனரிடம், ஆள முடியாத அளவுக்கு எல்லையை விரித்தது இரண்டாவது காரணம் என்றார். காப்பித் தோட்டத்துக்கு வெளியூர் ஆள் வந்தால், சொந்தப் படையை விட்டுக் கூலிப்படையை நம்பியது மூன்றாவது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இரண்டாம் முறை பாயசம் கேட்டபோது, "நாலாவது காரணமே இந்த விருந்துதான்" என்று சொல்லி, அந்த நல்ல மனிதரைப் பாதி டம்ளரோடு எழுப்பிவிட்டார்.

விழுந்த கதையோடு விட்டாரா? இல்லை. எது கண்ணில் பட்டாலும் ரோமாக்காரன் விட்டுப்போன சொத்துதான். சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர் தொங்கும். "ஜூலை, ஆகஸ்ட்டுன்னு கிழிக்கிறியே வள்ளி, அது ரெண்டும் யாரு பேரு? ரோமாபுரிப் பெரிய தலைக பேரு!" என்பார். அவர் மனைவி சண்முகவள்ளி, "யாரு பேரா இருந்தா என்னங்க, ஐப்பசி மழைக்கு முந்தி ஓட்ட மாத்தணும்" என்பாள்.

ஓடு. அதுதான் விஷயம். சமையலறைக்கு மேலே ஏழெட்டு ஓடுகள் உடைந்து, மழை பெய்தால் அடுப்புக்கும் அம்மிக்கும் குடை பிடிக்க வேண்டிய நிலை. ஐப்பசியும் போயிற்று. இந்தப் பங்குனியில், சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி ஏறி, மிளகுக் கொத்துகளைக் கிள்ளி, மிதித்து உதிர்த்து, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டியதெல்லாம் சண்முகவள்ளிதான். மூட்டைகள் அடுக்கியிருப்பதும் அதே ஓட்டைக் கூரையின் கீழ்தான். சித்திரை மழை இறங்குவதற்குள் மிளகு விற்றாக வேண்டும். நனைந்தால் பூசணம் பூக்கும். ஒரு வருஷத்து உழைப்பு குப்பைக்குப் போகும். ஓடும் மாறாது.

வத்தலக்குண்டு வியாபாரி குமரகுரு வந்தார். நேர்மையான மனிதர், ஆனால் சகுனத்துக்குப் பயந்தவர். வருஷத்தின் முதல் கொள்முதல் என்றால் பழனி ஏறிக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். முதல் மூட்டையின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிய பிறகே ஏற்றுவார். கயிறு கட்டும்வரை அவர் காதில் நல்ல வார்த்தைதான் விழ வேண்டும். மலை முழுக்கத் தெரிந்த சங்கதி இது.

"நான் காப்பி போட்டுட்டு வர்றேன். நீங்க வாயத் தெறக்காம இருங்க, அது போதும்" என்று சண்முகவள்ளி உள்ளே போனாள்.

குமரகுரு, திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்திருந்த முதல் மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு ஒரு பிடி அள்ளி, முகர்ந்து, ஒன்றைக் கடித்தார். கண் கலங்கியது. "ஆகா! சரக்குன்னா இது சரக்கு!"

சேனாதிபதிக்கு நாக்கு அரித்தது. பாவம், அவர் நிலையையும் நினைத்துப் பாருங்கள். ஏழாவது காரணமே மிளகுதான். அவர் ரோமாபுரிமேல் அத்தனை பாசம் வைத்ததே அதற்காகத்தான். உலகத்தையே ஆண்டவர்கள் நம் பக்கத்து மிளகுக்கு ஏங்கினார்கள் என்று நினைக்கும்போதெல்லாம், தன்னிடம் கடன் வாங்கிய பெரிய மனுஷனைப் பார்ப்பவரைப்போல் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதைச் சொல்ல இதைவிடத் தோதான நேரம் வருமா?

"சும்மாவாண்ணே!" என்று ஆரம்பித்தார். "ரோமாபுரி எப்படி அழிஞ்சதுன்னு நெனைக்கிறீக? இந்த மிளகு வாங்கித்தான் அழிஞ்சது! கப்பல் கப்பலாத் தங்கத்தக் கொட்டி வாங்குனான், கஜானா காலி. கடைசியில ஊரச் சுத்தி வளைச்ச எதிரி, தங்கம் மட்டும் பத்தாது, மூவாயிரம் ராத்தல் மிளகும் குடுத்தாத்தான் போவேன்னான். குடுத்தானுக. அப்பவும் ரெண்டே வருசத்துல ஊரு சூறை போயிருச்சு. அடியோட அழிவு! மிளகு வாங்குனவன் கதி அம்புட்டுத்தான்!"

குமரகுருவின் கையிலிருந்த மஞ்சள் கயிறு அப்படியே நின்றது.

"ஏங்க, அம்புட்டுப் பெரிய ஊரே இத வாங்கி அழிஞ்சிருக்கு. நான் சந்துக்குள்ள கடை வச்சிருக்கவன்" என்றார். "மொதக் கொள்முதல்ல அழிவு அழிவுன்னுட்டீகளே. எனக்கு மனசு ஒப்பலண்ணே. அடுத்த வருசம் பாப்போம்." கயிற்றை மடியில் செருகிக்கொண்டு விடுவிடுவென்று வண்டிக்கு நடந்தார்.

ஏழு காரணமும் தெரிந்த மனிதருக்கு இப்போது என்ன செய்வதென்று ஒன்றுகூடத் தெரியவில்லை. மலையுச்சியில் இடி வேறு உருண்டது.

காப்பியோடு வந்த சண்முகவள்ளிக்கு, புருஷன் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "சொல்லிட்டீகளா? அந்த எழவெடுத்த ஏழாவதையும் சொல்லிட்டீகளா?" டம்ளரை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். வண்டி கிளம்பியே விட்டது. முன்னால் போய்க் குறுக்கே நின்றாள்.

"அண்ணே, இவுக பாதிக் கதையச் சொன்னாக. மீதிய நான் சொல்றேன், கேட்டுட்டுப் போங்க."

"என்ன தங்கச்சி?"

"அந்த ஊர்க்காரவுக எம்புட்டு வருசம் மிளகு வாங்குனாக?"

பின்னாலிருந்து சேனாதிபதி, பழக்க தோஷத்தில், "நானூறு வருசத்துக்கு மேல" என்றார்.

"கேட்டீகளா? வாங்குன நானூறு வருசமும் நல்லாத்தான இருந்திருக்காக! சாப்பாட்டுல மிளகு, உடம்புல தெம்பு, ஊரெல்லாம் அவுக ராச்சியம். எப்ப வாங்க முடியாமப் போச்சோ, அப்பத்தான் ஊரும் போச்சு. நிறுத்துனவனுக்குத்தாண்ணே அழிவு! நீங்க எங்க வீட்டுல ஒம்பது வருசமா வாங்குறீக. இந்த வருசமா நிறுத்தப் போறீக?"

குமரகுரு வண்டியை அணைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மடியிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்தார். கடைசி மூட்டை ஏறித் தார்ப்பாய் போர்த்தியதும் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

சேனாதிபதி திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் வெள்ளனே, ஓடு மாற்றும் ஞானவேலுவைக் கூட்டிவரச் சொல்லி அவரைச் சண்முகவள்ளி அனுப்பினாள். பாறை வழியில் இருந்தது. பாறையில் நாலு பேர் சிக்னலுக்காக உட்கார்ந்திருந்தார்கள். "ஏலே, எல்லாரும் ஏழு காரணம்னுதான் சொல்லுவான். எட்டாவது ஒண்ணு இருக்கு. மிளகு வாங்குறத நிறுத்துனான் பாரு, அதுதான்! ராத்திரி முழுக்க யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்" என்ற சேனாதிபதியின் குரல் பள்ளத்துத் தோட்டம்வரை கேட்டது.

கேட்டவர்களில் சண்முகவள்ளியும் ஒருத்தி. பேசாமல் அவளே போய் ஞானவேலுவைக் கூட்டிவந்தாள். சாயங்காலத்துக்குள் சமையலறை ஓடு புதிதாயிற்று.

"அக்கா, முன் ரூம்புல ஒரு ஓடு உடைஞ்சு கெடக்கே, அதையும் வெரசா மாத்திரவா?" என்று கூரைமேலிருந்து ஞானவேலு கேட்டான்.

சண்முகவள்ளி எட்டிப் பார்த்தாள். பாறையில் டவுன்லோடு செய்துகொண்டு வந்த படங்களைச் சேனாதிபதி உட்கார்ந்து பார்க்கும் நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது அது.

"அது மட்டும் இருக்கட்டும்ப்பா" என்றாள். "மண்டையில சொட்டுனாலாச்சும் மேல பாக்குறாகளான்னு பாப்போம்."

கதை முடிந்தது. உங்களுக்கு மட்டும் முடிந்த மாதிரி இல்லை, அப்படித்தானே? ஒன்று, இரண்டு, மூன்று, நாலு சொன்னார், ஏழு சொன்னார், சொந்தமாக எட்டும் வந்துவிட்டது, ஐந்தும் ஆறும் என்ன ஆயின என்று மனசு குறுகுறுக்கிறதா? சண்முகவள்ளியின் கூரையைவிட ரோமாபுரியின் ஆறாவது காரணம் முக்கியமாகப் படுகிறதா? கை தன்னால் போனைத் தேடுகிறதா?

தேடுங்கள், தப்பில்லை. அதற்கு முன் தயவுசெய்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு ஓட்டை மட்டும் மாற்றாமல் விட்டுவைத்திருக்கிறார்கள்.