கொடுத்து வைத்த குடும்பம்

நம்மிடையே ‘சமயம் பார்ப்பவர்’ என்று ஓர் இனம் உண்டு. குடும்பத்துக்கு ஒருவராவது தேறுவார். தென்காசிப் பக்கத்தில் உதாரணம் வேண்டுமென்றால், ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு மந்திரமூர்த்தி அண்ணாச்சியைப் பாருங்கள்.

அவர் குடும்பத்தில் ஒரு பெருமை. யாரும் படுக்கையில் கிடந்து இழுத்ததில்லை. அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போதே போனார். சித்தப்பா ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு போனார். "நல்ல சாவு, கொடுத்து வச்ச குடும்பம்" என்றது ஊர். இருவரும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை என்பதை யார் பார்த்தார்கள்?

போன தையில் அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. திருநெல்வேலி டாக்டர் எக்கோ எடுத்து, மரபணுவும் சோதித்து, போட்டு உடைத்தார். "இதயத் தசை தடிச்சிருக்கு. பரம்பரையா வருத நோய் இது. உங்க அப்பாவும் இதுலதான் போயிருக்கணும். கூடப்பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரையும் சோதனைக்கு அனுப்புங்க. முன்னாலயே தெரிஞ்சா காப்பாத்திரலாம். முக்கியமா, ஓடியாடுத பையங்க."

"சொல்லிருதேன் டாக்டர்."

சொன்னாரா? சமயம் பார்த்தார். மாசியில் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், இதயம் என்று வாயெடுத்தால் வந்த வழியே போய்விடுவார்கள். வைகாசியில் கல்யாணம், மங்கல காரியம். ஆனியில் சாரல் விழுந்து குடும்பமே குற்றாலத்துக்கு வந்து, தங்கை ஆவுடைத்தாய் தலை நிறைய எண்ணெயோடு சிரித்துக்கொண்டு நிற்கையில் எப்படிச் சொல்ல? இத்தனைக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். விடிந்தால் ‘இதயம் காக்கும் பூண்டு’ என்று அவரிடமிருந்து ஒரு செய்தி வந்துவிடும்.

ஆவுடைத்தாய் மகன் வேல்ராஜ் போலீஸ் வேலைக்காகத் தினமும் ஓடுகிறான். தாய்மாமன் சும்மா இருப்பாரா? உயர்ந்த ரக ஷூ வாங்கிக் கொடுத்தார். அந்த ஷூவோடுதான் போன வாரம் மைதானத்தில் மயங்கி விழுந்தான்.

"வெறும் வயித்துல ஓடுதான், அதான். என்னண்ணே?" என்றாள் ஆவுடைத்தாய்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். வேல்ராஜ் முகத்தைப் பார்த்தார். "ஆமாட்டி, வாழப்பழம் குடுத்து அனுப்பு" என்றார்.

செலக்ஷன் முடியட்டும், சொல்லிவிடுவாராம். ஓட்டத் தேர்வு வருகிற புதன்கிழமை.

சிரிக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. இருக்கட்டும், உங்கள் தாத்தா எதில் போனார்? "தூக்கத்திலேயே, நல்ல சாவு" என்கிறீர்களா? அப்போது அவருக்கு என்ன வயது? உங்கள் வீட்டிலும் ஓடியாடும் பிள்ளைகள் உண்டுதானே? "பண்டிகை முடியட்டும், விசாரிக்கலாம்" என்று இப்போது நினைத்தீர்களே, அண்ணாச்சியும் அப்படித்தான் ஆரம்பித்தார்.