மயிலிட்டி ராசாவின் கைவிசேஷம்

பிரெஞ்சுத் தலைநகரில், எங்கள் ஆட்களின் கடைவீதியான லா சப்பலில், ஒரு முழு ராசாவைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சட்டி கழுவிய ஒரே மனிதர் எங்கள் சைப்பிரஸ் அண்ணைதான். இதை மறுப்பவர் அங்கே ரூ காய் தெருவில் யாரும் இல்லை. மறுத்தவர்களை நடைபாதையில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்துப் பேசியே திருத்திவிட்டார்.

2009 கடைசியில் சைப்பிரஸ் வழியாக வந்ததால் அந்தப் பெயர். நான் தோசை சுட்ட உணவகத்தில்தான் அவருக்கும் வேலை. ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம் ஒரே அறையில் நால்வர் இருந்தோம். சைப்பிரசில் ஒரு பழைய சாமான் கடையில், ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்து அவர் வாங்கிய வெள்ளிக் காசு எழுநூறு வருடப் பழசு. ஒரு பக்கம் சிம்மாசனத்தில் ராசா. மறுபக்கம் பெரிய சிலுவை, அதன் நாலு மூலையிலும் குட்டிச் சிலுவைகள். சுற்றிவரப் பழைய பிரெஞ்சில், ‘யெருசலேமுக்கும் சைப்பிரசுக்கும் ராசா’ என்று எழுத்து.

“தம்பி, இந்த மனுசனிட்டை யெருசலேம் இல்லை. அது எப்பவோ பறிபோட்டுது. எண்டாலும் காசிலை முதல் பேர் அதுதான். விளங்குதோ?”

“ஓம் அண்ணை.”

“உனக்கு விளங்கேல்லை.”

முதலிலிருந்து தொடங்குவார்.

சித்திரை வருடப்பிறப்பன்று மூத்தவர் கையால் வெற்றிலையில் வாங்கும் கைவிசேஷக் காசு வருடம் முழுக்க ராசி தரும் என்பது எங்கள் வழக்கம். கொடுக்க அண்ணைக்கு இங்கே சொந்தமென்று ஒருவரும் இல்லை. ஆகவே எங்களை உணவகத்துக் குசினிக்குள் வரிசையாக நிறுத்தி, அந்த வெள்ளிக் காசையே கொடுப்பார். வாங்கிக் கும்பிட்டு நிமிர்வதற்குள், “காணும், கொண்டா” என்று பிடுங்கி அடுத்தவன் கையில் வைப்பார். முதலாளிக்கும் அதே கதிதான்.

அவர் காத்திருந்தது ஒரே ஒரு கடிதத்துக்கு. அகதி மனுவுக்கு நல்ல பதில் வந்தால், ஊரில் இருக்கும் மனைவியைக் கூப்பிடலாம். தினமும் மத்தியான வேலை முடிந்ததும், “வந்ததோ?” என்பார். வரவில்லை.

வராததற்குக் காரணம் கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. தன் பெயரைக் கிழித்துவிட்டு அண்ணை பிரெஞ்சில் எழுதி ஒட்டியிருந்தார்: ‘மயிலிட்டிக்கும் லா சப்பலுக்கும் ராசா’. மயிலிட்டி அவர் பிறந்த ஊர். இருபது வருடமாக ஆமி யாரையும் உள்ளே விடாத ஊர். அதை வாசித்து விழுந்து விழுந்து சிரித்து, ஒட்டுவதற்குப் பசையும் வாங்கிக் கொடுத்தவன் நான்.

கடிதத்தில் இருந்த சொந்தப் பெயரில் இங்கே ஒருவரும் இல்லையென்று தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் அறிந்து ஓடியபோது, மனு நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டுத் தவணையும் முடிந்திருந்தது. அண்ணை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

“பேரை மட்டும் போட்டிருக்கலாமே அண்ணை?”

“ஊரையும் விட்டிட்டு, பேரையும் தனிய விடச் சொல்லுறியோ?”

அடுத்த வருடப்பிறப்பு. வழக்கம்போல வரிசை, வெற்றிலை, பிடுங்கல். நான் கடைசி ஆள். காசை என் கையில் வைத்தவர், கையைத் துடைத்துக்கொண்டு கோட்டை எடுத்து மாட்டினார்.

“வேறை நாடு ஒண்டு பாக்கப்போறன். வாறன் தம்பி.”

கும்பிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை. வீதி முழுக்கத் தேடினேன். பிறகு எந்த நாட்டிலிருந்தும் ஒரு தகவலும் இல்லை.

அதற்குப்பின் மூன்று வீடு மாறிவிட்டேன். இப்போது தனி அறை. தபால் பெட்டியில் என் பெயருக்கு மேலே அண்ணையின் சொந்தப் பெயரையும் ஒட்டிவைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடப்பிறப்பிலும் அந்த ராசாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கும்பிடுகிறேன். நிமிரும்போது கையை மூடுவதில்லை. “காணும், கொண்டா” என்று கேட்க அவர் வரட்டும்.